களவு போன கணக்கும் காக்க வேண்டிய அமானிதமும்

2024 செப்டம்பர் 20 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் யூடியூப் சேனலைத் திறந்தவர்கள் வழக்கு விசாரணைக் காட்சிகளுக்குப் பதிலாக ஒரு கிரிப்டோ நாணயத்தின் விளம்பரத்தைப் பார்த்தார்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2021 ஜூலையில், மஜ்லிஸ் கட்சியின் ட்விட்டர் கணக்கு கைப்பற்றப்பட்டு, பெயரும் படமும் ஈலோன் மஸ்க் என்று மாற்றப்பட்டன. அதே ஆண்டு டிசம்பர் 12 அதிகாலையில் பிரதமர் நரேந்திர மோடியின் ட்விட்டர் கணக்கும் சிறிது நேரம் வேறு ஆள் கைக்குப் போய், பிட்காயின் பற்றிய பொய்ச் செய்தி ஒன்று அதில் வெளியானது.

இந்த மூன்று கணக்குகளும் விரைவில் மீட்கப்பட்டன. உச்ச நீதிமன்றத்துக்கும் பிரதமர் அலுவலகத்துக்கும் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. ஒரு தொலைபேசி அழைப்பில் அந்த நிறுவனங்களின் அதிகாரிகள் பதில் சொல்வார்கள். மேட்டூரிலோ மேச்சேரியிலோ இருக்கும் ஒரு குடும்பத்தின் வாட்ஸ்அப் பறிபோனால் அழைக்க அப்படி ஓர் எண் இல்லை. கணவர் ரியாத்தில், மகன் சென்னையில், மாமியார் வீட்டில் என்று பிரிந்து வாழும் குடும்பத்துக்கு அந்தப் பச்சை நிறச் செயலிதான் வீட்டுக் கூடம். அதன் கதவை வேறொருவர் உள்ளிருந்து பூட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பது அநேகம் பேருக்குத் தெரிவதில்லை. தெரியாததை விடப் பெரிய ஆபத்து, வெளியில் சொல்ல வெட்கப்படுவது. திருடனுக்கு அதிகம் உதவுவது நம் வெட்கமும் மௌனமும்தான்.

யாருடைய கணக்கு?

"என் அக்கவுன்ட் போனால் போகட்டும், புதிதாக ஒன்று தொடங்கிக்கொள்கிறேன்" என்று இளைஞர்கள் சொல்வதைக் கேட்கிறோம். அந்தக் கணக்கில் இருப்பவை எல்லாம் அவருக்கு மட்டுமே உரியவையா? உறவுக்காரப் பெண்களின் திருமணப் படங்கள் அதில் இருக்கின்றன. ஜமாஅத் குழுவின் அட்மின் பொறுப்பு அதில் இருக்கிறது. ஒரு குமர் காரியத்துக்காகத் திரட்டிய பணத்தின் கணக்கும், உதவி கேட்டு ரகசியமாக ஒரு ஏழைக் குடும்பம் அனுப்பிய குரல் பதிவும் இருக்கலாம். இவை பிறர் நம்மை நம்பி ஒப்படைத்தவை. அமானிதம் என்று மார்க்கம் எதைச் சொல்கிறதோ, அதன் இன்றைய வடிவங்களில் ஒன்று கைபேசிக்குள் இருக்கிறது.

கணக்கைப் பிடித்தவன் முதலில் செய்வதும் இந்த நம்பிக்கையைக் காசாக்குவதுதான். "அவசரம், 15 ஆயிரம் அனுப்புங்கள், சாயங்காலம் தருகிறேன்" என்ற செய்தி உங்கள் பெயரில், உங்கள் படத்துடன் உங்கள் மச்சானுக்கும் அக்காவுக்கும் போகும். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வந்திருந்தால் அவர்கள் சிரித்துவிட்டு அழித்திருப்பார்கள். உங்கள் எண்ணிலிருந்து வருவதால் நம்பி அனுப்புகிறார்கள். ரமளானில் ஜகாத், ஸதகா கேட்டுக் குழுக்களில் செய்திகள் பெருகும் நேரத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது.

எந்தக் கண் வழியாக?

மேட்டூர்க்காரர்களுக்குப் 16 கண் மதகைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதில் ஒரு கண் திறந்தாலும் தண்ணீர் வெளியேறும். கணக்கும் அப்படித்தான். எந்தக் கண் திறந்தது என்று தெரிந்தால்தான் அதை அடைக்க முடியும்.

முதலாவது, ஆறு இலக்க எண். வாட்ஸ்அப்பைப் புதிய கைபேசியில் தொடங்கும்போது குறுஞ்செய்தியாக ஓர் எண் வரும். ஏற்கெனவே பறிபோன ஒரு நண்பரின் கணக்கிலிருந்து, "தவறுதலாக உங்களுக்கு ஒரு கோட் வந்துவிட்டது, அனுப்புங்கள்" என்று கேட்பார்கள். அனுப்பிய மறு நிமிடம் உங்கள் கணக்கு அவர்கள் கைபேசிக்குப் போய்விடும். ஒரு மஹல்லாவில் ஒருவர் விழுந்தால் வரிசையாகப் பலர் விழுவது இப்படித்தான்.

இரண்டாவது, இணைக்கப்பட்ட சாதனங்கள். இதில் உங்கள் கைபேசியில் வாட்ஸ்அப் வழக்கம்போல வேலை செய்துகொண்டே இருக்கும். "இந்தப் படத்தில் இருப்பது நீங்களா?" என்று ஒரு இணைப்பு வரும். திறந்தால் உங்கள் எண்ணைக் கேட்கும், பிறகு ஒரு எட்டெழுத்துக் குறியீட்டைக் கொடுத்து வாட்ஸ்அப்பில் உள்ளிடச் சொல்லும். உள்ளிட்டால் எங்கோ இருக்கும் ஒரு கணினி உங்கள் கணக்குடன் இணைந்துவிடும். 'கோஸ்ட் பேரிங்' என்ற இந்த வகை மோசடியைப் பற்றி மத்திய அரசின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் 2025 டிசம்பரில் எச்சரித்தது.

மூன்றாவது, அழைப்புத் திருப்பல். கூரியர்காரர் போலவோ நெட்வொர்க் ஊழியர் போலவோ பேசி, நட்சத்திரக் குறியுடன் தொடங்கும் ஓர் எண்ணை அழுத்தச் சொல்வார்கள். உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர்களுக்குத் திரும்பும். வாட்ஸ்அப் சரிபார்ப்பு எண்ணைக் குரல் அழைப்பில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். இதனால்தான் 2024 ஏப்ரல் 15 முதல் இந்த வகை எண்கள் மூலம் அழைப்பைத் திருப்பும் வசதியை நிறுத்திவைக்குமாறு தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. இருந்தாலும் யாரோ சொல்லும் எண்ணை அழுத்தாமல் இருப்பதே பாதுகாப்பு. சந்தேகம் இருந்தால் ##002# அழுத்தினால் எல்லாத் திருப்பல்களும் நீங்கும்.

நான்காவது, கல்யாண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம், வங்கி அறிவிப்பு என்ற பெயர்களில் வரும் ஏபிகே கோப்புகள். அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். அது செயலியாக நிறுவச் சொன்னால் அழைப்பிதழே அல்ல. நிறுவிவிட்டால் வங்கிக் குறுஞ்செய்திகள் வரை படிக்கும்.

ஐந்தாவது வளைகுடாக் குடும்பங்களுக்கே உரியது. அங்கே போனவர் இந்திய எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டு, அதே எண்ணில் வாட்ஸ்அப்பை மட்டும் பயன்படுத்துவார். எண் செயலிழந்தபின் குறைந்தது 90 நாள் வேறு யாருக்கும் வழங்கப்படுவதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதன் பொருள், அதற்குப் பிறகு வழங்கப்படலாம் என்பதே. புதிய உரிமையாளர் எந்தத் திருட்டும் செய்யாமலேயே உங்கள் கணக்குக்குள் வந்துவிட முடியும். சவூதியிலோ துபையிலோ இருப்பவர் இந்திய எண்ணை உயிரோடு வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் வாட்ஸ்அப்பிலேயே உள்ள எண் மாற்றும் வசதியைப் பயன்படுத்தி அங்குள்ள எண்ணுக்கு மாறிவிட வேண்டும்.

போலாவும் திருவனந்தபுரமும்

பணம் போவது ஒரு வகை இழப்பு. உயிர் போன நிகழ்வும் உண்டு. வங்கதேசத்தின் போலா மாவட்டத்தில் 2019 அக்டோபரில், ஒரு இந்து இளைஞரின் ஃபேஸ்புக் கணக்கிலிருந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை இழிவுபடுத்தும் செய்திகள் மெசஞ்சரில் பலருக்குப் போயின. கணக்கு ஹேக் செய்யப்பட்டது என்று அந்த இளைஞரே அக்டோபர் 18 அன்று காவல் நிலையம் சென்று புகார் கொடுத்திருந்தார். ஆனாலும் அக்டோபர் 20 அன்று போர்ஹானுத்தீன் என்ற ஊரில் பெருங்கூட்டம் திரண்டது. போலீஸாருடன் மோதல் ஏற்பட்டது. நான்கு பேர் உயிரிழந்தார்கள். பலர் காயமடைந்தார்கள். இறந்தவர்கள் நபியவர்கள் மீதுள்ள நேசத்தால் வந்தவர்கள். அந்த நேசத்தை எவனோ ஒருவன் ஒரு களவு போன கணக்கை வைத்துப் பயன்படுத்திக்கொண்டான்.

செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின் வருந்தாதீர்கள் என்ற கருத்தை ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்பித்திருக்கிறது. அந்தக் கட்டளை இன்று ஸ்கிரீன்ஷாட்டுக்கும் பொருந்தும். ஒரு கணக்கிலிருந்து வந்ததாலேயே அதன் உரிமையாளர் எழுதியது என்று ஆகிவிடாது. நாளை நம் பிள்ளையின் கணக்கிலிருந்து வேறு மதத்தாரைப் புண்படுத்தும் ஒரு பதிவு வெளியானால், "ஹேக் ஆகிவிட்டது" என்று நாம் சொல்வதைப் பிறர் பொறுமையுடன் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். அதே பொறுமையை நாமும் காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம்.

"ஹேக் ஆகிவிட்டது" என்ற சொல் மட்டும் போதாது என்பதற்குத் திருவனந்தபுரம் சாட்சி. 2024 அக்டோபர் இறுதியில் கேரள ஐஏஎஸ் அதிகாரிகள் சிலர் 'மல்லு இந்து ஆஃபீசர்ஸ்' என்ற வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கப்பட்டார்கள். குழுவைத் தொடங்கிய எண் தொழில்துறை இயக்குநராக இருந்த கே. கோபாலகிருஷ்ணனுடையது. முஸ்லிம் அதிகாரிகள் பெயரிலும் ஒரு குழு அதே எண்ணிலிருந்து தொடங்கப்பட்டது தெரியவந்தது. தன் கைபேசி ஹேக் செய்யப்பட்டதாக அவர் போலீஸில் புகார் கொடுத்தார். ஹேக் நடந்ததற்கான சான்று விசாரணையில் கிடைக்கவில்லை. கைபேசி ரீசெட் செய்யப்பட்ட நிலையில்தான் போலீஸிடம் வந்தது என்று செய்திகள் வெளியாயின. நவம்பர் 11 அன்று கேரள அரசு அவரை இடைநீக்கம் செய்தது. 2025 ஜனவரியில் அந்த இடைநீக்கம் திரும்பப் பெறப்பட்டது.

அந்த விவகாரத்தில் யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. நமக்குரிய பாடம் வேறு. உண்மையிலேயே கணக்கு களவு போன ஒருவர் பதற்றத்தில் கைபேசியை முழுவதுமாக அழித்துவிட்டால், தன் பக்கத்துச் சாட்சியைத் தானே அழித்தவர் ஆகிறார். ஐஏஎஸ் அதிகாரிக்கே விளக்கம் கேட்கும் காலத்தில், ஒரு முஸ்லிம் இளைஞரின் கணக்கிலிருந்து கலவரத்தைத் தூண்டும் பதிவு வந்தால் நிலைமை எவ்வளவு கடுமையாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மதப் பகையை வளர்ப்பதாகப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆவது பிரிவில் வழக்குப் பதிவாகலாம். குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையதுதான். ஆனால் அதுவரை அலைவது யார்? பதிவு வெளியாவதற்கு முன்போ வெளியான உடனேயோ நாம் கொடுத்த புகாரின் நேரமும் தேதியும்தான் அந்த அலைச்சலைக் குறைக்கும்.

முதல் ஒரு மணி நேரம்

கணக்கு போனது தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் அதை மீட்க முயல்கிறார்கள். யாரிடமும் சொல்வதில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்குள் திருடன் உறவினர்களிடம் வசூலை முடித்துவிடுகிறான். வரிசையை மாற்ற வேண்டும்.

முதலில் சொல்லுங்கள். வீட்டில் உள்ள வேறொருவரின் கைபேசியிலிருந்து குடும்பக் குழு, ஜமாஅத் குழு, அலுவலகக் குழு மூன்றுக்கும் "என் கணக்கு என் கையில் இல்லை. பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். கோட் கேட்டால் தராதீர்கள்" என்று அறிவியுங்கள். எழுத்தை விடக் குரல் பதிவு நல்லது. கேட்பவர் உங்களை அடையாளம் கண்டுகொள்வார்.

அடுத்து சான்றுகளை எடுத்துவையுங்கள். அவன் அனுப்பிய செய்திகள், கொடுத்த வங்கிக் கணக்கு அல்லது யுபிஐ விவரம், உங்களுக்கு வந்த குறுஞ்செய்திகள், கடவுச்சொல் மாறியதாக வந்த மின்னஞ்சல்கள் எதையும் அழிக்காதீர்கள். நேரமும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கைபேசியை ரீசெட் செய்யாதீர்கள். சந்தேகமான செயலி இருந்தால் இணையத்தைத் துண்டித்துவிட்டு வையுங்கள்.

யாராவது பணம் அனுப்பியிருந்தால் உடனே 1930. பணம் அனுப்பியவரே அழைக்க வேண்டும், அவரது வங்கிப் பரிமாற்ற எண் தேவைப்படும். திருடனின் கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குப் போவதற்குள் பணத்தை முடக்குவதே இந்த எண்ணின் நோக்கம். எனவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பணம் போகாவிட்டாலும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் வீட்டிலிருந்தே புகார் பதியலாம்.

கூடவே காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். தமிழகத்தில் மாவட்டந்தோறும் சைபர் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது. மேட்டூர்வாசிகள் அதற்காக சுமார் 50 கிலோமீட்டர் பயணித்துச் சேலம் போக வேண்டியிருக்கும். அதற்குத் தயங்கிப் புகாரையே கைவிடாதீர்கள். உள்ளூர் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்துச் சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். அந்த ஒரு தாள், உங்கள் கணக்கிலிருந்து பின்னர் என்ன வெளியானாலும் உங்களுக்குச் சாட்சி. ஒருவரின் கடவுச்சொல்லையோ மின்னணு அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவிலும், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு 66டி பிரிவிலும் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மனுவில் இந்தப் பிரிவுகளைக் குறிப்பிடுவது நல்லது.

மீட்பது எப்படி?

வாட்ஸ்அப்பை மீட்பது மற்றவற்றை விட எளிது. சிம் உங்களிடம் இருக்கிறது. செயலியை அழித்து மீண்டும் நிறுவி, உங்கள் எண்ணைக் கொடுத்து, குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கத்தை உள்ளிட்டால் திருடன் கைபேசியில் கணக்கு வெளியேறிவிடும். அவன் இரண்டடுக்குப் பின் எண் போட்டிருந்தால் நீங்கள் உள்ளே நுழைய ஏழு நாள் காத்திருக்க வேண்டிவரும். ஆனால் அந்த ஏழு நாளும் அவனாலும் பயன்படுத்த முடியாது. இது பலருக்குத் தெரியாததால் பின் எண்ணைக் கண்டதும் கைவிட்டுவிடுகிறார்கள். உள்ளே வந்ததும் முதல் வேலையாக 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியில் தெரியாத கணினிகளை வெளியேற்றுங்கள்.

ஒரு முக்கிய வேறுபாட்டையும் அறிந்துகொள்ள வேண்டும். ஆறு இலக்க எண்ணை வாங்கிக் கணக்கைத் தன் கைபேசிக்கு மாற்றியவனுக்கு உங்கள் பழைய உரையாடல்கள் கிடைக்காது. அவை உங்கள் கைபேசியில்தான் இருக்கும். குழுக்களும் புதிய செய்திகளும் மட்டுமே அவனுக்குத் தெரியும். ஆனால் இணைக்கப்பட்ட சாதனமாக நுழைந்தவன் பழைய உரையாடல்களையும் படங்களையும் பார்த்திருக்க முடியும். எந்த வழியில் போனது என்று தெரிந்தால், யாரையெல்லாம் எச்சரிக்க வேண்டும் என்பதும் தெரியும்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்குகளில் மின்னஞ்சல்தான் தாய்ச்சாவி. எனவே முதலில் ஜிமெயிலைப் பாதுகாக்க வேண்டும். திருடன் மீட்பு எண்ணை மாற்றியிருந்தாலும், மாற்றிய ஏழு நாட்களுக்குள் பழைய எண் வழியாக மீட்க கூகுள் வாய்ப்புத் தருகிறது. ஜிமெயில் கைக்கு வந்ததும், மின்னஞ்சல்களை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் அமைப்பு ஏதும் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றியும் கணக்கு திரும்பத் திரும்பப் போவதற்கு இது ஒரு காரணம்.

அதன்பின் ஃபேஸ்புக் அல்லது இன்ஸ்டாகிராம் இணைய முகவரிக்குப் பின் சாய்கோடு இட்டு 'ஹேக்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துத் திறந்தால் மீட்புப் பக்கம் வரும். முன்பு அந்தக் கணக்கை வழக்கமாகப் பயன்படுத்திய அதே கைபேசியிலிருந்தும் அதே இடத்திலிருந்தும் முயல்வது பலன் தரும். உங்கள் மின்னஞ்சல் முகவரி மாற்றப்பட்டதாக நிறுவனம் பழைய முகவரிக்கு அனுப்பிய கடிதத்திலேயே அந்த மாற்றத்தை ரத்து செய்யும் இணைப்பு இருக்கும். உங்கள் முகம் கணக்கில் இருந்தால் இன்ஸ்டாகிராம் வீடியோ செல்ஃபி கேட்டுச் சரிபார்ப்பதும் உண்டு.

இந்த இடத்தில் இரண்டாவது திருடன் வருவான். "கணக்கு போய்விட்டது" என்று எங்காவது எழுதினால், "இவர் மீட்டுக் கொடுப்பார், எனக்கும் கொடுத்தார்" என்று பதில்கள் வரும். முன்பணம் கேட்பார்கள், கோட் கேட்பார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு கணக்கை மீட்டுத் தரும் தனிநபர் எவரையும் இந்த நிறுவனங்கள் நியமிக்கவில்லை.

பெண்களின் கணக்கு

2021 ஜூலையில் 'சுல்லி டீல்ஸ்', 2022 ஜனவரி 1 அன்று 'புல்லி பாய்' ஆகிய செயலிகள் முஸ்லிம் பெண்களின் படங்களை ஏலத்துக்கு வைப்பதுபோல வெளியிட்டதை நம் சமுதாயம் மறந்திருக்காது. அங்கே கணக்குகளை ஹேக் செய்யும் தேவைகூட இருக்கவில்லை. பொதுவில் இருந்த படங்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிக்கப்பட்ட பெண்கள் பெயர் சொல்லிப் புகார் கொடுத்தார்கள், அதனால்தான் கைதுகள் நடந்தன.

பூட்டிவைத்த கணக்கே பறிபோனால் மிரட்டல் இன்னும் எளிதாகிறது. "பணம் தராவிட்டால் படத்தை உன் ஜமாஅத் குழுவில் போடுவேன்" என்பவனுக்குப் பலம் எங்கிருந்து வருகிறது? அந்தப் பெண் வீட்டில் சொல்லமாட்டாள் என்ற கணக்கிலிருந்துதான். அத்தாவிடம் சொன்னால் கைபேசியைப் பிடுங்கிவிடுவார், படிப்பை நிறுத்திவிடுவார் என்று ஒரு மகள் பயந்தால், மிரட்டுபவனுக்கு நாமே கூலி இல்லாத வேலைக்காரராக ஆகிவிடுகிறோம். முதலில் "நீ சொன்னது நல்லதாகப் போயிற்று" என்று சொல்லும் வீடாக நம் வீடு இருக்க வேண்டும். பணம் தரக் கூடாது. தந்தால் மீண்டும் கேட்பான்.

இந்த வகைக் குற்றங்களில் பெண்கள் பெயர் சொல்லாமலும் தேசியத் தளத்தில் புகார் தரலாம். ஸ்டாப் என்சிஐஐ என்ற சர்வதேசச் சேவையும் இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்பாமல், உங்கள் கைபேசியிலேயே அதன் எண்வடிவக் கைரேகையை மட்டும் உருவாக்கிப் பங்கேற்கும் தளங்களுக்குத் தரும். அந்தத் தளங்களில் அதே படம் பதிவேற்றப்பட்டால் கண்டுபிடித்துத் தடுக்க இது உதவும். ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கக் காட்சிகள் இணையத்தில் பரவிய வழக்கில், அவற்றை 48 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. சட்டத்தின் கதவைத் தட்டினால் திறக்கிறது என்பதற்கு இது நம் மாநிலத்திலேயே கிடைத்த சான்று.

நிறுவனங்களின் பொறுப்பு

எல்லாச் சுமையையும் பயனாளர் தலையில் வைப்பது நியாயமில்லை. இந்தியாவில் கோடிக்கணக்கான பயனாளர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள், கணக்கு இழந்தவர் ஒரு மனிதரிடம் பேச வழி வைக்காமல் படிவங்களுக்குள் சுற்றவிடுகின்றன. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் குறைதீர் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்கின்றன. அவரது பெயரும் தொடர்பும் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் அவர் உறுதிசெய்ய வேண்டும். ஆள்மாறாட்டம், அந்தரங்கப் படம் தொடர்பான புகாரில் நடவடிக்கையே இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பதில் திருப்தி தராவிட்டால் 2023இல் மத்திய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் 30 நாட்களுக்குள் இணையம் வழியாகவே முறையிடலாம். வழக்கறிஞரோ அலைச்சலோ தேவையில்லை. படிவத்தில் பதில் வராததோடு நாம் நின்றுவிடுகிறோம். இந்த உரிமையை நாம் பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் நிறுவனங்கள் மாறும்.

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியவை

தனிநபர் செய்ய வேண்டியவை சிலவே. வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குப் பின் எண், அதனுடன் ஒரு மின்னஞ்சல். ஜிமெயில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்கு வெவ்வேறு கடவுச்சொற்கள். குறுஞ்செய்தியை விட அங்கீகாரச் செயலி அல்லது பாஸ்கீ. அவசரகாலக் குறியீடுகளைத் தாளில் எழுதி, பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வைப்பது. மாதம் ஒருமுறை இணைக்கப்பட்ட சாதனங்களைப் பார்ப்பது. பெற்றோரின் கைபேசியில் இவற்றைப் பிள்ளைகள் செய்துகொடுத்தால் அது ஒரு மணி நேர வேலை.

ஜமாஅத் அளவில் செய்ய வேண்டியவையும் உண்டு. குழுவுக்கு ஒரே அட்மின் என்ற நிலை வேண்டாம். ஒருவர் கணக்கு போனால் மற்றவர் உடனே அவரை நீக்கிக் குழுவைக் காப்பாற்ற முடியும். ஜகாத், கட்டட நிதி, குமர் உதவி எதுவாயினும் பள்ளிவாசல் பலகையில் எழுதியுள்ள ஒரே வங்கிக் கணக்கு மட்டுமே செல்லும், குழுவில் வரும் எந்தப் புதிய யுபிஐ எண்ணும் செல்லாது என்று முத்தவல்லியே அறிவிக்கலாம். உதவி கேட்டுச் செய்தி வந்தால் அனுப்புமுன் ஒரு முறை சாதாரண அழைப்பில் பேச வேண்டும் என்பதை வழக்கமாக்கலாம். ஜும்ஆவுக்குப் பின் ஐந்து நிமிடம் ஹஜ்ரத் இதைச் சொன்னால், தனியே வகுப்பு நடத்துவதை விட அதிகம் பேரைச் சேரும். விவரம் தெரிந்த இரண்டு இளைஞர்களையும், பெண்களுக்காக விவரம் தெரிந்த ஒரு சகோதரியையும் மஹல்லாவில் அடையாளம் காட்டிவிட்டால், பறிகொடுத்தவர் ஓட ஓர் இடம் இருக்கும்.

இதெல்லாம் நடக்க முதலில் ஒரு பழக்கம் போக வேண்டும். ஒருவர் "என் கணக்கு போய்விட்டது" என்று குழுவில் சொன்னதும், "படித்தவருக்கே இப்படியா" என்று கேலி செய்வது. அந்தக் கேலியைப் பார்க்கும் அடுத்தவர், தனக்கு நடக்கும்போது வாய் திறக்கமாட்டார். அந்த மௌனத்தில்தான் அவருடைய அக்காவின் சேமிப்பு போகும். பறிகொடுத்தவரைக் கேலி செய்யாமல், அவர் சொன்னதற்கு நன்றி கூறி, உடனே நம் உறவுகளுக்கும் எச்சரிக்கை சொல்வோம். நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைக் காக்கும் விழிப்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக.